ஒரு பம்ப் கம்பெனிக்கு மூன்று முறை வெப்சைட் கட்டியதில் கற்றது

கோவையில் பம்ப், மோட்டார் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு நான் மூன்று முறை வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறேன். ஒரே கம்பெனி, ஒரே சரக்கு, நாலு வருடத்துக்குள் மூன்று தடவை. முதல் சைட் அழகாக இருந்தது, யாருக்கும் பயன்படவில்லை. இரண்டாவதில் எல்லாமே ஒழுங்காக வேலை செய்தது, ஆனால் பார்த்தவர்கள் கம்பெனியையே சந்தேகப்பட்டார்கள். மூன்றாவதுதான் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. தொழிலுக்கு ஒரு சைட் வேண்டும் என்று யோசிப்பவர்களுக்கும், என்னைப் போல அதைச் செய்து கொடுத்துப் பிழைப்பவர்களுக்கும் உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் தடவை, 2018-ல், என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பார்த்ததும் அசரணும்." அப்போதுதான் முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்திருந்தார். எனக்கும் அப்படி ஒன்று செய்து பார்க்க ஆசை. திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் ஸ்லோ மோஷனில் விழும் ஒரு நீர்த்துளி, அந்த வீடியோ இறங்கி முடியும்வரை கம்பெனி லோகோவுக்குள் தண்ணீர் மெல்ல நிரம்புவது போல ஒரு அனிமேஷன், அப்புறம் மெல்லிய சாம்பல் எழுத்தில் இரண்டே வரி. மெனுவைக்கூட மூன்று கோட்டுக்குள் ஒளித்து வைத்தேன், அதுவும் கம்ப்யூட்டர் திரையில், இடம் தாராளமாக இருக்கும்போதே. வீடியோ மட்டும் 14 எம்பி. அலுவலகத்தில் பெரிய மானிட்டரில் நல்ல ஃபைபர் இணைப்பில் போட்டுக் காட்டினேன், எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்கே மீதிப் பணமும் வந்துவிட்டது.

ஆறேழு மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த அலுவலகத்தில் போன் எடுப்பதற்கென்று ஒரு அக்கா இருக்கிறார், இருபது வருடமாக அதே நாற்காலி. மேசையில் ஒரு நீள நோட்டு. யார் கூப்பிட்டார்கள், எந்த ஊர், என்ன கேட்டார்கள் என்று வரிசையாக எழுதி வைத்திருப்பார். சைட் எப்படிப் போகிறது என்று அவரிடம் கேட்டேன். "பாக்க நல்லாத்தானுங்க தம்பி இருக்குது. ஆனா கூப்பிடறவங்க அதையப் பாத்துட்டுத்தான் கூப்பிடறாங்க, அதுல இருக்கறதையே எங்கிட்டத் திரும்பக் கேக்கறாங்க" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை, பாவம், இருப்பதைச் சொன்னார்.

நோட்டில் இரண்டு வாரப் பக்கங்களைக் கேட்டு வாங்கிப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து படித்தேன். "போர் 650 அடி, 6 இஞ்ச், எத்தனை ஹெச்பி போடலாம்?" "தாராபுரத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கா?" "இது சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா?" "பேனல் போர்டு கூட வருமா, தனியா வாங்கணுமா?" "விலைப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க." ஊர் மாறும், ஆள் மாறும், கேள்வி மாறாது. ஏழெட்டுக் கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது. இத்தனைக்கும் பதில் சைட்டில் இருந்தது. ஹெட் (எவ்வளவு உயரம் தள்ளும்), டிஸ்சார்ஜ் (எவ்வளவு தண்ணீர் தரும்) அட்டவணை எல்லாம் ஒரு பெரிய பிடிஎஃப்புக்குள், மீட்டர் கணக்கில் இருந்தது. போர் போட்டவர் யாரும் மீட்டரில் பேச மாட்டார், அவருக்கு அடிதான். போன் நம்பர் கடைசிப் பக்கத்தில், எழுத்துரு அழகாக வர வேண்டும் என்பதற்காக நான் படமாகப் போட்டிருந்தேன். படமாகப் போட்ட நம்பரைத் தொட்டால் கால் போகாது, கூப்பிடுகிறவர் அதை ஒரு பேப்பரில் எழுதி வைத்துத் திரும்ப அடிக்க வேண்டும்.

அதற்கு அடுத்த வாரம் பல்லடம் பக்கம் ஒரு டீலரோடு ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். மோட்டாரை மேலே எடுத்துப் போட்டிருந்தார்கள், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிப்போயிருந்தது. மதியம் பன்னிரண்டு மணி வெயில். மெக்கானிக் நேம் பிளேட்டில் இருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, மாடல் நம்பரைப் பார்த்து, போனை எடுத்து எங்கள் சைட்டைத் திறந்தார். நான் பக்கத்தில் நிற்கிறேன், அதைச் செய்தவன் நான் என்று அவருக்குத் தெரியாது. லோகோவுக்குள் தண்ணீர் நிரம்பத் தொடங்கியது. அவர் இடது உள்ளங்கையைக் குடை மாதிரி திரைக்கு மேலே பிடித்துக்கொண்டு பார்த்தார். தண்ணீர் பாதி நிரம்பி நின்றது. "இங்க டவர் இல்லீங்களா?" என்று டீலரிடம் கேட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து ஒருவழியாகப் பக்கம் வந்தது, உள்ளே போய் மாடல் நம்பரைத் தேடினார். நேம் பிளேட்டில் எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே கோடு கிடையாது, என் தேடல் பெட்டியோ கோடு போட்டால்தான் கண்டுபிடிக்கும். "எதுவும் கிடைக்கவில்லை" என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது, அந்த வெயிலில் அவருக்கு அதுவும் தெரிந்திருக்காது. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "நீங்களே கம்பெனிக்கு அடிச்சுக் கேட்டுருங்க" என்றார். கம்பெனியில் போனை எடுத்தது அந்த அக்காதான்.

அன்றைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அதே நினைப்புதான். நிறத்தை நான் ஏசி அறையில் தேர்ந்தெடுத்திருக்கிறேன். உள்பக்கங்களில் வெள்ளை மேல் #999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் போட்டிருந்தேன், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டு விகிதம் அதில் 3-க்கு 1 கூட வராது. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் விதிகள் சொல்கின்றன. #767676 வரை இருட்டாக்கினால்தான் மயிரிழையில் அந்த எல்லையைத் தாண்டும். தோட்டத்து வெயிலுக்கு அதுவும் போதாது என்பது என் அபிப்பிராயம். இப்போதெல்லாம் பத்திகளில் வரும் எழுத்துக்குக் கிட்டத்தட்டக் கறுப்பைத்தான் போடுகிறேன், சாம்பல் வேண்டுமானால் கோடுகளுக்கும் கட்டங்களுக்கும் இருக்கட்டும்.

சரி, இரண்டாவது சைட். 2020-ல் முதலாளியிடம் பேசி, பாதிச் சம்பளத்துக்கு நானே திரும்பச் செய்து தருகிறேன் என்றேன். இந்த முறை வெறியோடு வெட்டினேன். வீடியோ போச்சு, அனிமேஷன் போச்சு, படங்கள் போச்சு, வெள்ளைப் பின்னணியில் அட்டவணை மேல் அட்டவணை. போன் நம்பர் எல்லாப் பக்கத்திலும் மேலேயே, தொட்டால் கால் போகும். தேடல் பெட்டி இப்போது நடுக்கோடு, இடைவெளி, பெரிய எழுத்து, சின்ன எழுத்து எதையும் கண்டுகொள்ளாது. தோட்டத்தில் நின்று திறந்தாலும் பக்கம் உடனே வந்தது. அக்காவின் நோட்டில் அந்த ஏழெட்டுக் கேள்விகள் குறையத் தொடங்கின, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் நாலைந்து மாதம்தான். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு இறக்குமதியாளர் மெயில் எழுதியிருந்தார், பம்ப் பற்றி எல்லாம் விவரமாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி: நீங்கள் சொந்தமாகத் தயாரிக்கிறீர்களா, வாங்கி விற்கிறீர்களா? அதைப் படித்த முதலாளியின் முகம் எப்படி மாறியது என்று எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அவருக்கு இரும்பு வார்க்கும் சொந்த ஃபவுண்டரி இருக்கிறது, லேத் வரிசை இருக்கிறது, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவு, டெஸ்டிங் தொட்டி எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கிறது. அவர் அப்பா காலத்தில் ஒரு ஷெட்டில் ஆரம்பித்தது. அதில் ஒன்றுகூட சைட்டில் தெரியவில்லை. அதே வாரத்தில் ஒரு புது டீலரும், "சைட்டப் பாத்தா நேத்து ஆரம்பிச்ச கம்பெனி மாதிரி இருக்குதுங்களே" என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு அதுவரை பிடிபடாத ஒன்று அப்போதுதான் பிடிபட்டது. தோற்றத்தை ஒரு தட்டிலும் பயன்பாட்டை இன்னொரு தட்டிலும் வைத்து, இதில் கொஞ்சம் குறைத்தால் அதில் கொஞ்சம் கூடும் என்று நான் தராசுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தோற்றமும் ஒரு தகவல்தான். தோட்டத்து மெக்கானிக் கேட்பது "இந்த மாடல் இருக்கா?" கண்டெய்னர் கணக்கில் முன்பணம் கட்டப்போகிறவர் கேட்பது "நீங்கள் யார், நம்பலாமா?" இரண்டாவது கேள்விக்கு அட்டவணை பதில் சொல்லாது. ஃபவுண்டரியில் இரும்பு ஊற்றுகிற படம் சொல்லும். நான் அலங்காரம் என்று நினைத்து வெட்டியதில் இந்தப் பதிலும் சேர்ந்து போய்விட்டது.

மூன்றாவது சைட்டுக்கு, 2022-ல், வடிவமைப்பைத் தொடுவதற்கு முன்னாலேயே ஒரு சனிக்கிழமை விடிகாலை கேமராவோடு உள்ளே போனேன். வாங்கிப் போடும் ரெடிமேட் படம் ஒன்றுகூட வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். கையுறை போட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தை எத்தனை கம்பெனி சைட்டில் பார்த்திருப்போம், பார்க்கிறவருக்கு அது ஒன்றும் சொல்வதில்லை. தரையைக் கழுவி, எல்லோருக்கும் புது யூனிஃபார்ம் போட்டு வைக்கிறேன் என்றார் மேனேஜர். வேண்டாம் சார், வேலை நடக்கிறபடியே நடக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அச்சில் உருகிய இரும்பு இறங்கும் நேரம், டெஸ்டிங் தொட்டியில் தண்ணீர் பாய்ந்து பிரஷர் கேஜின் முள் ஏறும் நேரம், எல்லாம் எடுத்தேன். ஆனால் முகப்புக்கு வந்தது வைண்டிங் பிரிவில் எடுத்த ஒரு படம். ஒரு அம்மா மோட்டாரின் சுழலாத பாகமான ஸ்டேட்டரின் பள்ளத்துக்குள் செம்புக் கம்பியைக் கோத்துக்கொண்டிருக்கிறார், கைகள் மட்டும்தான் தெரியும், விரல் நுனியில் சுற்றிய பிளாஸ்திரி, கம்பியில் காலை வெளிச்சம். அந்தப் படத்தை நான் ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன், அலுக்கவே இல்லை. படத்தைச் சுருக்கிவைக்கும் வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றியபின் 120 கேபி. 14 எம்பி வீடியோ சொல்லாததை அது சொல்லிவிட்டது.

படம் போடுவதிலும் சில நுணுக்கம் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் பக்கத்தின் நிரலிலேயே எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் படம் வந்து இறங்கும்போது கீழே இருக்கிற பட்டன் நழுவும், ஆள் ஒன்றைத் தொடப் போய் இன்னொன்றைத் தொட்டுவிடுவார். கீழே இருக்கிற படங்களைத் தாமதமாக ஏற்றலாம், முகப்புப் படத்தை ஒருபோதும் அப்படிச் செய்யக் கூடாது. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் வந்தால்தான் நல்லது என்று கூகுள் வைத்திருக்கும் அளவுகோலை நானும் பிடித்துக்கொண்டேன், ஆனால் என் லேப்டாப்பில் அளக்கவில்லை. எட்டாயிரம் ரூபாய் போன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அதில்தான் பார்ப்பது, அதுவும் மொட்டை மாடியில் மத்தியானம் நின்று.

முதலாளியின் மகனோடு முன்பெல்லாம் ரசனையில்தான் முட்டிக்கொள்வோம். அவருக்குப் படங்கள் மாறி மாறி ஓடும் ஸ்லைடர் வேண்டும், எனக்கு வேண்டாம், இப்படியே மணிக்கணக்காகப் போகும். இந்த முறை வேலை ஆரம்பிக்கும்போதே ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்: முதல் பக்கம், எழுத்துரு, படம், நிரல் எல்லாம் சேர்த்து 1 எம்பிக்கு மேல் போகாது. பிறகு அவர், விருது வாங்கியபோது எடுத்த ஐந்து படங்களை ஓடவிடலாமா என்று கேட்டபோது, தாராளமாகப் போடலாம், அதற்குப் பதிலாக எதை எடுக்கட்டும் என்று மட்டும் கேட்டேன். கணக்கைப் பார்த்துவிட்டு அவரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தார். யார் ரசனை பெரிது என்ற பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை. கஸ்டமரோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனவர்கள் இதை ஒரு தடவை செய்து பாருங்கள்.

முகப்புப் படத்துக்கு நேர் கீழே மோட்டார் தேர்வு. போர் எத்தனை அடி, எத்தனை இஞ்ச், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, இந்த மூன்றையும் தொட்டால் பொருந்துகிற மாடல்கள் வரும். பார்க்கச் சின்ன விஷயம், எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. போரின் மொத்த ஆழம் மட்டும் வைத்து மோட்டார் சொல்ல முடியாது, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, மேலே எவ்வளவு தூரம் தள்ள வேண்டும், பைப்பின் உராய்வு எவ்வளவு என்று எல்லாம் சேர்ந்துதான் ஹெட். கம்பெனி இன்ஜினியர் இதில் விட்டுக்கொடுக்கவே இல்லை, அவர் சொன்னதுதான் சரியும்கூட. அதனால் நாலாவதாகத் தண்ணீர் மட்டத்தையும் கேட்டு, வருகிற பதிலுக்குக் கீழே "டீலரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்" என்று போட்டு, அந்த மாவட்டத்து டீலர் நம்பரையும் அதிலேயே கொடுத்தோம். பட்டன்கள் எல்லாம் பெரியவை. தொடும் இடம் 44 புள்ளியாவது (திரையில் அளக்கும் அலகு அது) இருக்கட்டும் என்று ஆப்பிள் சொல்கிறது, ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் சொல்வது 48. கிரீஸ் ஒட்டிய கட்டைவிரலை நேரில் பார்த்ததால் நான் 56 வைத்தேன். அடிதான் முதலில் தெரியும், வெளிநாட்டு இறக்குமதியாளர்களுக்காக மீட்டருக்கு மாற்ற ஓரத்தில் ஒரு பட்டன்.

தமிழ்ப் பக்கங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வடிவமைத்து முடித்துவிட்டுக் கடைசி நாளில் தமிழைக் கொண்டுவந்து திணிக்கிறார்கள், நானும் முதல் இரண்டு தடவை அப்படித்தான் செய்தேன். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாக அடங்கின பட்டன் தமிழில் "விநியோகஸ்தர் நுழைவு" என்று ஆனதும் பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஆங்கிலத் தலைப்புக்கு வைத்த, எழுத்தளவில் 1.1 மடங்கு வரி இடைவெளியில் மேல் வரியில் இருக்கும் "கூ"வின் சுழியும் கீழ் வரியில் இருக்கும் "கீ"யின் கொக்கியும் முட்டிக்கொண்டன. மூன்றாவது தடவை தமிழில்தான் தொடங்கினேன். பத்தி எழுத்துக்கு 1.7 மடங்கு, தலைப்புக்கு 1.4, எழுத்துகளுக்கு இடையில் செயற்கையாக இடம் விடுவதே கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை மூன்றையும் அந்த எட்டாயிரம் ரூபாய் போனில் போட்டுப் பார்த்து முக்த மலரை வைத்துக்கொண்டேன், இரண்டே தடிமன். மிக மெல்லிய தடிமனில் தமிழின் சுழிகள் சின்னத் திரையில் கரைந்துபோகின்றன, தயவுசெய்து போடாதீர்கள்.

கம்பெனியின் பழைய கையேடுகள் எல்லாம் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்தவை. அதை எடுத்து அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலந்துகட்டி வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, ஒரு முறை கண்ணால் படித்துத் திருத்தவும் வேண்டும், மாற்றும் கருவியை மட்டும் நம்பக் கூடாது. அதைவிட முக்கியம் சொல். மொழிபெயர்ப்புக்குக் கொடுத்த இடத்திலிருந்து "நீர்மூழ்கி இறைப்பான்" என்று வந்தது. அக்காவிடம் காட்டினேன். "இதையச் சொல்லி இதுவரைக்கும் ஒருத்தருமே கேட்டதில்லீங்க தம்பி" என்றார். "சப்மெர்சிபிள் மோட்டார்" என்றே வைத்தோம். அதற்குப் பிறகு தமிழ்ப் பக்கத்தின் ஒவ்வொரு தலைப்பையும் அவர் படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஏற்றினேன்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. விசாரணைப் படிவத்தில் முன்பு ஒன்பது கட்டம் இருந்தது, இப்போது பெயர், போன் நம்பர், ஊர் மூன்றுதான். போன் நம்பர் கட்டத்தைத் தொட்டால் எண் விசைப்பலகை வர வேண்டும், கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் அந்த இடத்தைத் தானாகப் பெரிதாக்கிப் பக்கத்தையே இழுத்துவிடும். மிதக்கும் வாட்ஸ்அப் பட்டனை ஓரத்தில் போட்டபோது அது விலை அட்டவணையின் கடைசிப் பத்தியை மறைத்தது, பத்து நாள் யாரும் கவனிக்கவில்லை, பிறகு கீழே ஒரு பட்டையாக மாற்றினேன். அந்தப் பெரிய பிடிஎஃப்பை உடைத்து ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் பக்கம் கொடுத்தோம். டீலர்கள் அந்த லிங்கைத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், லிங்கோடு வருகிற குட்டிப் படத்தில் மோட்டார் படமும் மாடல் பெயரும் ஹெச்பியும் தெளிவாகத் தெரிகிற மாதிரி செய்ய ஒரு வாரம் செலவழித்தேன். நிறையப் பேர் சைட்டைத் திறப்பதற்கு முன்னால் பார்ப்பது அந்தக் குட்டிப் படத்தைத்தான்.

நீர்த்துளி வீடியோவை மகன் மறக்கவில்லை. போன வருடம் திரும்பக் கேட்டார். அது நல்ல வீடியோ, எடுத்தவர் உழைப்பு அதில் இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். "எங்கள் தொழிற்சாலை" பக்கத்தில் ஒரு நிலைப்படமாக வைத்து, தொட்டால் மட்டும் ஓடுகிற மாதிரி போட்டோம். வெளிநாட்டு இறக்குமதியாளர்களுக்கு மெயில் எழுதும்போது அந்தப் பக்கத்தின் லிங்கைத்தான் அனுப்புகிறார்கள். தயாரிப்பாளரா, வாங்கி விற்பவரா என்ற கேள்வி அதற்குப் பிறகு வரவில்லை என்று மகன் சொன்னார்.

அக்காவின் நோட்டை இப்போதும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் படிக்கிறேன். சென்ற முறை பார்த்தபோது ஒரு புதுக் கேள்வி வரிசையாக வந்திருந்தது: "இந்த மாடல் எங்க ஊர் டீலர்கிட்ட இப்ப ஸ்டாக் இருக்கா?" அதற்குச் சைட்டில் பதில் இல்லை. பாதி டீலர்கள் இருப்புக் கணக்கைக் கையால் நோட்டில்தான் எழுதுகிறார்கள், அதை எப்படி வாங்குவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்குவது என்று இன்னும் தெளியவில்லை. வருகிற மாதம் முதலில் பல்லடம் கடையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று டீலரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.